இடது கைக்குப் பழகிய பிளேயர்

என் வேலு அண்ணாவுக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாமலே எழுதுகிறேன். இதை நாலு பேர் படிக்கப் போகிறார்கள். உனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். மைக்கைப் பிடித்தால் மண்டபமே அதிரக் கத்துவாய். யாராவது உன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவாய். இந்த ஒரு தடவை எழுந்து போகாதே.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. தையல் மிஷினுக்கு மோட்டார் மாட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள். உன் செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது. மழை வந்தால் எடுத்து உள்ளே வைக்கிறாள், வெயில் வந்ததும் மறுபடி வெளியே வைக்கிறாள். நான் அதே பீங்கான் கம்பெனிக்குத்தான் போகிறேன். சூளையிலிருந்து இறக்கிய இன்சுலேட்டர்களைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதைத் தனியாக எடுத்து வைக்கிற அதே வேலை. மணிமுக்தா ஆற்றில் இந்த வருஷம் தண்ணீர் ஓடுகிறது. பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறவர்கள் நிறைய. நீயும் நிறுத்தியிருப்பாய்.

நீ கல்யாணங்களில் பாட்டுப் போட்ட டீஜே பிளேயர் முன் அறையில் அதே மேசையில் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போன வாரம் ஒன்று நடந்தது அண்ணா. அதை உன்னிடம் சொல்லாமல் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? ஆனால் உன்னைத் தெரியாதவர்களும் படிக்கிறார்களே. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். தப்பாகச் சொன்னால் மனசுக்குள் திருத்திக்கொள்.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளையும் பொண்ணும் மேடைக்கு வருகிற நேரத்தில் சூடு தாங்காமல் உன் லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. நாதஸ்வரக்காரர் இரக்கப்பட்டு வாசித்து மானத்தைக் காப்பாற்றினார். வீட்டுக்கு வந்து நீ சோறு சாப்பிடவில்லை. மறுநாளே துபாய்க்குப் போன் போட்டாய். மங்கலம்பேட்டை ஜாகிர் அண்ணன், பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தவர், அங்கே ஒரு சவுண்டு கம்பெனியில் வேலை பார்க்கிறார் இல்லையா. அடுத்த லீவுக்கு வரும்போது கம்பளிகளுக்கு நடுவில் சுற்றி இந்தப் பிளேயரைக் கொண்டுவந்தார்.

"மச்சான், இதுக்கு லேப்டாப்பே வேணாம்டா. பாட்ட பென்டிரைவ்ல போட்டுச் சொருவு. ஸ்கிரீனு, மிக்ஸரு எல்லாம் இதுலயே இருக்குது" என்று அவர் சொன்னபோது நீ மேலே இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய்.

இடப்பக்கம் ஒரு வட்டு, வலப்பக்கம் ஒரு வட்டு. ஒன்றில் ஒரு பாட்டு ஓடும்போதே மற்றதில் அடுத்த பாட்டைத் தயார் செய்து, தாளம் பிசகாமல் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோக வேண்டும். உனக்கு அது சாப்பிடுகிற மாதிரி. வலது கை வட்டைச் சுழற்றும், இடது கை ஒரு பாட்டைக் குறைத்து மற்றதைக் கூட்டுகிற ஃபேடரைத் தள்ளும். இரண்டு கையும் ஒன்றையொன்று பார்க்காமலே பேசிக்கொள்ளும். மங்கலம்பேட்டையிலிருந்து திட்டக்குடி வரைக்கும் "வேலு வந்தாத்தான் ரிசப்ஷன்" என்று சொல்ல வைத்தாய்.

அப்புறம் உளுந்தூர்ப்பேட்டை ரோட்டில் பைக் சறுக்கியது.

தலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாங்கள் எல்லாரும் சாமி கும்பிட்டோம். தோளில் நரம்பு அறுந்திருப்பது பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. டாக்டர் உன் வலது கையைத் தூக்கி விட்டார், அது தொப்பென்று விழுந்தது. நீ அதை வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நீ செய்த முதல் வேலை, அம்மாவின் பழைய புடவையை எடுத்துப் பிளேயர் மேல் போர்த்தியது. ஒரு கையால் போர்த்தினாய். நான் உதவிக்கு வந்தேன். "நீ போ தமிழு" என்றாய். அம்மா கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், கை திரும்பி வரவேண்டும் என்று எழுதிப் பிராது கட்டிவிட்டு வந்தாள். நீ உள் அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். யார் வந்தாலும் தூங்குகிற மாதிரி இருந்தாய். தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலைச் சாத்தினாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாகிர் அண்ணன் எனக்குப் போன் செய்தார். உனக்கு அல்ல, எனக்கு.

"தங்கச்சி, அந்தப் பிளேயருக்குப் புது அப்டேட் வந்திருக்குது. இப்ப வெளிய இருந்து மிடி கன்ட்ரோலர் சேக்கலாமாம்."

"அப்டின்னா இன்னாண்ணா?"

"சின்னப் பொட்டி. அமுத்துற பேடு இருக்கும், திருவுற குமிழு இருக்கும். அதுக்குன்னு தனியா சத்தம் கெடையாது. நீ ஒரு பேட அமுத்துனா, இந்தப் பேட அமுத்திட்டாங்கன்னு பிளேயருக்குத் தகவல் மட்டும் அனுப்பும். எந்தப் பேடுக்கு எந்த வேலைன்னு நாமதான் பிளேயருக்குச் சொல்லிக் குடுக்கணும். அதுக்குப் பேரு மேப்பிங்கு. புரியுதா? ரெண்டு கையி செய்யுற வேலைய எல்லாத்தையும் ஒரு கையிக்குப் பக்கத்துல கொண்டாந்துடலாம்."

ஊருக்கு வந்த யாரிடமோ அந்தப் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார். சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருந்தது. பின்னால் கால் பெடல் சொருக ஒரு துளை. பெடலையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்.

உன்னிடம் காட்டினேன். நீ அதைத் தொடவில்லை.

"இத வச்சிக்கினு நான் மேடையில நிக்கணுமா? சனங்க பாட்டு கேக்க மாட்டாங்க தமிழு. ஐயோ பாவம்னு என்னப் பாத்துக்கினு நிப்பாங்க. எடுத்துக்கினு போ."

எடுத்துக்கொண்டு போனேன். முன் அறைக்கு. புடவையை விலக்கினேன். எனக்கு என்ன தெரியும்? நீ வாசிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்ததுதான். கம்பெனி விட்டு வந்ததும் போனில் தேடித் தேடிப் படித்தேன். முதலில் பெட்டியைச் சொருகியதும் பிளேயரே அணைந்து அணைந்து எரிந்தது. பெட்டி இழுக்கிற கரண்டைப் பிளேயரால் தர முடியவில்லை. தனி கரண்டு வைத்த யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் மாட்டினேன். அது சரியானது. அப்புறம் பேடுகளில் விளக்கு எரிந்தது, அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. இப்படியே நாள்கள் போயின. கடைசியில் பார்த்தால், பெட்டி பத்தாம் சேனலில் தகவல் அனுப்புகிறது, நான் மேப்பிங்கில் ஒன்றாம் சேனல் என்று எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு இந்த வீட்டில் யாரும் திறக்கவில்லையே என்று நின்ற கதைதான். ஒன்றைப் பத்தாக மாற்றி, பேடை அமுக்கினேன். பாட்டு ஓடியது. நான் கத்திய கத்தலில் அம்மா மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். உள் அறையில் சத்தமே இல்லை.

அதற்கப்புறம் வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக வைத்துப் பழகினேன் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்கும். ஒரு சாயங்காலம் நான் ஒரு பேடை அமுக்க, பாட்டு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருந்தது. நிறுத்தத் தெரியவில்லை. உள்ளேயிருந்து உன் குரல்:

"அது லூப்புடி! க்யூ இல்ல! எந்த மடையன் அங்க லூப்ப வச்சது?"

"நான்தான் வச்சேன். வந்து மாத்து" என்றேன்.

பிறகு கட்டில் கிறீச்சிட்டது. கழுத்திலிருந்து தொங்கும் துணியில் வலது கையைப் போட்டுக்கொண்டு, தாடியும் கலைந்த தலையுமாக வந்து வாசற்படியில் நின்றாய். பெட்டியை ஒரு பார்வை பார்த்தாய். இடது கை ஆள்காட்டி விரலால் ஒரு பேடை மெதுவாக அமுக்கினாய். பாட்டு சரியான இடத்தில் பிடித்துக்கொண்டது. அம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். நீ பார்க்கவில்லை.

"ஸ்டார்ட்டு கையில வேணாம்" என்றாய். "கையி ஃபேடர்ல இருக்கணும். அந்தப் பெடல எடு. வலது கையி செஞ்ச வேலைய வலது காலு செய்யட்டும்."

அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் அந்த மேப்பிங்கை எத்தனை முறை மாற்றியிருப்போம்! கட்டை விரலுக்கு எட்டுகிற பேடு எது, சுண்டு விரல் வலிக்கிற பேடு எது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் எந்த ஓரத்தில் இருந்தால் மணிக்கட்டு திரும்ப வேண்டாம் என்று நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பாட்டைத் தொடங்குவது காலில். க்யூ, அதாவது பாட்டில் நீ அடையாளம் வைத்த இடங்களுக்குத் தாவுவது, கையில். பிளேயரின் இரண்டு வட்டுகளையும் நீ அப்புறம் தொடவே இல்லை. ஒரு கையால் அவற்றைத் தொடப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் துடைக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் துடைப்பேன்.

என்னோடு வேலை பார்க்கிற ரேவதியின் ரிசப்ஷன்தான் முதல் மேடை. ஜங்ஷன் ரோட்டு மண்டபம். உன் கால் யாருக்கும் தெரியக் கூடாது என்று மேசைக்கு முன்னால் தரை வரைக்கும் துணி கட்டச் சொன்னாய். அதுதான் உன் ஒரே கண்டிஷன். முழுக்கைச் சட்டை போட்டு, வலது கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாய். பார்க்கிறவர்களுக்கு ஸ்டைலாக நிற்கிற மாதிரி இருந்தது.

நாலைந்து பாட்டு நன்றாகப் போயின. பையன்கள் ஆடத் தொடங்கினார்கள். அப்போதுதான் பெடல் மேலேயே தூக்கி வைத்திருந்த உன் வலது கால் மரத்துப்போனது. அமுக்க வேண்டிய நேரத்தில் பெடல் அமுங்கவில்லை. ஒரு பாட்டு முடிந்தது, அடுத்தது வரவில்லை. மண்டபம் முழுக்க அமைதி. யாரோ விசில் அடித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "இன்னாப்பா ஆச்சு, டீஜே தூங்கிட்டானா?"

நான் உன் முகத்தைப் பார்த்தேன். எல்லாம் முடிந்தது, திரும்பவும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ குனிந்தாய். துணியை இழுத்தாய். கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்து துணி கீழே விழுந்தது. மைக்கை எடுத்தாய்.

"மன்னிச்சிக்குங்க. டீஜே தூங்கல, டீஜே காலுதான் தூங்கிடுச்சி. ஒரு கையும் ஒரு காலும்தான் டூட்டியில இருக்குது. காலு எந்திரிக்கிற வரைக்கும் எல்லாரும் கையத் தட்டுங்க பாக்கலாம்!"

கை தட்டினார்கள் அண்ணா. சிரித்துக்கொண்டே தட்டினார்கள். அந்தத் தட்டுக்குத் தகுந்த வேகத்தில் நீ அடுத்த பாட்டை விட்டாய். யாரும் ஐயோ பாவம் என்று பார்க்கவில்லை. கல்யாணப் பொண்ணே மேடையிலிருந்து எட்டி உன் காலைப் பார்த்தாள். அன்றைக்கு நீ வலது கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டாய். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அம்மா கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், கேட்டது கிடைத்துவிட்டால் செய்கிற மாதிரி, பிராதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள். கை இன்னும் வரவில்லையே என்றேன். "கேட்டது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு. ஆனா குடுத்துட்டாருல்ல?" என்றாள்.

அதற்கப்புறம் வந்த நாள்களை நான் இப்போது ரொம்பக் கஞ்சத்தனமாக நினைத்துப் பார்க்கிறேன். ஒரேயடியாக நினைத்துவிட்டால் தீர்ந்துபோகும் என்று பயம். நீ மறுபடி தாடி எடுத்தது. இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டது. திட்டக்குடியில் உன் காலை வீடியோ எடுக்க வந்தவர்களிடம், "மொகத்தையும் சேத்து எடுங்கப்பா" என்றது.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஊரில் எல்லாருக்கும் வந்த காய்ச்சல்தான், உனக்கு மட்டும் இறங்கவில்லை. ரத்தத்தில் அணுக்கள் குறைகின்றன என்றார்கள். வார்டில் கட்டில் கம்பியில் உன் இடது விரல்கள் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தன. எந்தப் பாட்டு என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமல், "தமிழு, பென்டிரைவ அப்பிடியே புடுங்கிடாத. எஜெக்ட் குடுத்துட்டு எடு" என்றாய். என்னிடம் நீ கடைசியாகப் பேசியது அதுதான். சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா?

நீ போன பிறகு, பிளேயரில் இருந்த எல்லா பென்டிரைவையும் தேடினேன். அதில் ரெக்கார்டு பட்டன் ஒன்று இருக்கிறது. நீ வாசித்ததை எல்லாம் அப்படியே பதிந்து வைக்கும். நீ ஒரு தடவைகூட அதை அமுக்கவில்லை. இருப்பதெல்லாம் யார் யாரோ பாடிய பாட்டுகள். அவற்றை நீ சேர்த்த விதம், இழுத்த விதம், அரை விநாடி நிறுத்திவிட்டுப் பாட்டை விடுவாயே, அது எதுவும் எங்கேயும் இல்லை. திட்டக்குடி வீடியோவில் ஆடுகிறவர்கள் போடுகிற கூச்சல்தான் கேட்கிறது. மிச்சம் இருப்பது நீ பாட்டுகளில் வைத்த அடையாளங்கள் மட்டும். ஒரு பேடை அமுக்கினால், பாட்டு முதலில் இருந்து வராது. உனக்குப் பிடித்த இடத்திலிருந்து வரும். எனக்கு நீ மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். சில நாள் கம்பெனி விட்டு வந்து ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன்.

ரேவதிக்கு வளைகாப்பு. கம்பெனியில் சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என் ரிசப்ஷனுக்கு உங்க அண்ணன் போட்டாரு. வளைகாப்புக்கு நீ போடு தமிழு" என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நல்லவேளை மறுத்தாய் என்பாள் என்று நினைத்தேன்.

"ஏன் முடியாது?" என்றாள். "வூட்டுக்குள்ளயே வச்சிக்கினு பட்டன அமுக்கி அமுக்கி அழுவுறதுக்கா அத வாங்குனான்? போயி போட்டுட்டு வா. நானும் வரேன்."

நானும் வரேன் என்றாள் அண்ணா. உன் ஒரு ப்ரோகிராமுக்கும் அவள் வந்ததில்லை. மண்டபத்துச் சத்தம் நெஞ்சில் குத்துது என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

ஜாகிர் அண்ணன் லீவில் வந்திருந்தார். நீ போன பிறகு முதல் முறையாக வந்தவர், முன் அறைக்குள் காலே வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே டீயைக் குடித்தார். வளைகாப்பு விஷயம் தெரிந்ததும்தான் உள்ளே வந்து பிளேயரைத் தொட்டார். "ரொம்ப நாளா அப்டேட்டே போடலையே. போட்டுடறேன், புதுப் பாட்டெல்லாம் ஒழுங்காப் படிக்கும்" என்று போட்டுக் கொடுத்தார். பிளேயர் அணைந்து எரிந்தது, சரியாகத்தான் இருந்தது. அப்படியே எடுத்துப்போகிற கேஸுக்குள் வைத்து மூடினோம்.

ரேவதியின் அம்மா வீட்டுத் தெருவிலேயே பந்தல். பகல் வெளிச்சத்தில் ப்ரோகிராம் போடுவது உனக்குப் பிடிக்காது, எனக்கு அதுதான் தைரியமாக இருந்தது. மேசையைப் போட்டு எல்லாவற்றையும் மாட்டினோம். பெட்டியைச் சொருகினேன். பேடுகளில் விளக்கு எரிந்தது. அமுக்கினேன். ஒன்றும் இல்லை. பெடலை மிதித்தேன். ஒன்றும் இல்லை. சேனலைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன். பிளேயருக்குள் போய்ப் பார்த்தால் நம் மேப்பிங் இருந்த இடமே காலியாக இருந்தது. அப்டேட் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஜாகிர் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் அழிச்சிட்டேன் தமிழு. அவன் வச்சத நான் அழிச்சிட்டேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். வளர்ந்த மனுஷன், தெருவில், அத்தனை பெண்களுக்கு நடுவில் அழுதார்.

"இல்லண்ணா, வூட்டுல மேப்பிங்குக்கு ஒரு காப்பி இருக்குது" என்றேன். இருந்தது உண்மைதான். ஆனால் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். இங்கே ரேவதியை மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். கன்னத்தில் சந்தனம் பூசுகிறார்கள். அவள் என்னைப் பார்க்கிறாள். அம்மா முன் வரிசை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவளும் என்னைத்தான் பார்க்கிறாள்.

பெட்டி இல்லாவிட்டால் என்ன, பிளேயர் இருக்கிறதே. எல்லாரும் வாசிக்கிற மாதிரி வட்டைத் தொட்டு வாசிக்கலாம். எனக்கு இரண்டு கையும் இருக்கிறது. அதுதான் தடையாக இருந்தது அண்ணா. அந்த வட்டுகளை நீ விட்ட பிறகு யாரும் தொடவில்லை. தொட வேண்டாம் என்பதற்குத்தான் அந்தப் பெட்டியே வந்தது. அதை வைத்துக்கொண்டு நீயும் தொடாமல் இருந்தாய், நானும் தொடாமல் இருந்தேன்.

வலப்பக்கத்து வட்டின் மேல் மெல்லிய தூசி இருந்தது. கை வைத்தேன். ஓரத்தில் ஒரு இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு, அங்கே மட்டும் தேய்ந்திருந்தது. உன் விரல்கள். விபத்துக்கு முன்னால், அந்தக் கை உயிரோடு இருந்தபோது, அத்தனை கல்யாணங்களில் தள்ளித் தள்ளித் தேய்த்த இடம். என் விரல்கள் அதில் போய் உட்கார்ந்தன. உன் கையை நான் கடைசியாக எப்போது பிடித்தேன் என்று யோசித்தேன். ஆஸ்பத்திரியில் பிடித்தது இடது கை. வலது கையை விபத்துக்குப் பிறகு பிடித்தபோதெல்லாம் உனக்குத் தெரியவே தெரியாது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. "பாட்டப் போடுடி!" என்று ரேவதியே மணையிலிருந்து கத்தினாள்.

போட்டேன். நன்றாக வாசித்தேன் என்று உன்னிடம் பொய் சொல்ல முடியாது. முதல் பாட்டிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது இரண்டு தாளமும் முட்டிக்கொண்டன. நீ இருந்திருந்தால் காதைப் பொத்தியிருப்பாய். மூன்றாவதில் கொஞ்சம் பிடிபட்டது. வளையலை அடுக்க அடுக்க ரேவதி கையை ஆட்டினாள், அந்தச் சத்தத்தையே தாளமாக வைத்துக்கொண்டு வட்டைத் தள்ளினேன். நல்லதையும் விரிசலையும் தட்டிப் பிரிக்கிற காது ஒன்று எனக்கும் இருக்கிறது இல்லையா, அதை நம்பினேன். கம்பெனிப் பெண்கள் எல்லாரும் எழுந்து ஆடினார்கள். ஜாகிர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். "அவன மாதிரி இல்ல" என்றார். பிறகு, "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அம்மா ஆடவில்லை, கை தட்டவும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து, "இப்பிடித்தான் நிப்பானா அவன்? இந்த எடத்துலயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மேசைக்குப் பின்னால் வந்து நான் நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். காலியான பந்தலை அங்கிருந்து பார்த்தாள். "இங்க இருந்து பாத்தா எல்லாரு மொகமும் தெரியுது" என்றாள்.

வீட்டுக்கு வந்து பழைய மேப்பிங்கை ஏற்றிப் பார்த்தேன். புது அப்டேட்டுக்கு அது ஒத்துவரவில்லை. ஜாகிர் அண்ணன் மறுபடி கலங்கினார். எனக்குக் கலக்கமே வரவில்லை, அது எனக்கே ஆச்சரியம். திரும்ப எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியும் எதற்கு என்று எனக்குத் தெரியும். எந்தப் பேடில் உன் கட்டை விரல் இருந்தது, எந்தக் குமிழில் மணிக்கட்டு வலித்தது, எல்லாம் தெரியும். எழுதி முடித்து, பேடை அமுக்கி, பெடலை மிதித்தேன். நீ விட்ட இடத்திலிருந்து பாட்டு வந்தது.

அந்த மேப்பிங்கை நான் அழிக்கப் போவதில்லை. நான் கையால் வாசித்துக்கொள்கிறேன், பெட்டி பக்கத்தில் உனக்காக இருக்கட்டும். யாருக்காவது ஒரு கை முடியாமல் போய், அவர்களுக்கும் வாசிக்க ஆசை இருந்தால், வரட்டும். அவர்கள் கைக்குத் தகுந்த மாதிரி மாற்றி எழுதித் தருகிறேன். ஜாகிர் அண்ணனும் அப்படித்தான் சொல்கிறார். அடுத்த வருஷம் துபாயை விட்டு வந்துவிடுகிறாராம், இரண்டு பேருமாகச் சேர்ந்து ப்ரோகிராம் எடுக்கலாம் என்கிறார். உனக்குச் சம்மதம்தானே? நீ பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வேன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தானே.

தை மாதம் திட்டக்குடியில் ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டேன். அம்மா இப்போதே எந்தப் புடவை கட்டுவது என்று பீரோவைத் திறந்து பார்க்கிறாள். அவளை நினைத்து நீ அங்கே வருத்தப்படாதே. ஒரு சத்தியம் செய்து தருகிறேன் அண்ணா: இனிமேல் பாட்டுப் போட நான் எங்கே போனாலும் அம்மாவை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போக மாட்டேன். முன் வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் முதல் பாட்டைத் தொடங்குவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
தமிழரசி
விருத்தாசலம்